யார் தொடங்கினார்கள், எப்போது தொடங்கியது? கறுப்பின அமெரிக்கரின் உரிமைப் போராட்டமும் அதை எழுதியவர்களும்

அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரப் பேருந்துகளில் நிறப் பிரிவினைக்குச் சட்டப்படி முடிவு கட்டியது 'பிரவுடர் எதிர் கேல்' என்ற வழக்கு. 1956 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. வழக்கில் கடைசிவரை நின்ற மனுதாரர்கள் நால்வர்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித். நால்வரும் பெண்கள். மனுதாரர் பட்டியலில் ரோசா பார்க்ஸ் இல்லை, மார்ட்டின் லூதர் கிங்கும் இல்லை. மான்ட்காமரி என்றதும் உலகம் சொல்லும் பெயர்கள் ஒருபுறம், வழக்கை வென்று கொடுத்த பெயர்கள் மறுபுறம் என்று நிற்கின்றன.

தென்மாநிலங்களின் நிறப் பிரிவினைச் சட்டங்களை உண்மையில் வீழ்த்தியது எது? நீதிமன்றமா, கிங் போன்ற தலைவர்களா, தேவாலயங்களா, பெயர் தெரியாத பருத்திக்காட்டுக் கூலிகளா, உலக அரங்கில் மானம் காக்க நினைத்த வாஷிங்டன் அரசா? அந்தப் போராட்டம் 1954-இல் தொடங்கியதா, 1930-களிலா, அடிமைமுறை ஒழிந்த 1865-லேயேவா? இந்த இரட்டைக் கேள்விக்கு அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை எழுதிவருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: ஒவ்வொரு விடையும், அதை எழுதியவருக்கு எந்தக் காகிதக் கட்டு கிடைத்தது, யாருடைய வாய்மொழி கேட்கக் கிடைத்தது என்பதோடு இறுகப் பிணைந்திருக்கிறது.

முதல் விடைகளும் மூடிய கதவுகளும்

கறுப்பின அமெரிக்கரின் வரலாற்றை எழுதும் முயற்சி இயக்கத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் 1882-இல் அதை இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் கார்ட்டர் வுட்சன். அவர் 1915-இல் இந்த ஆய்வுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். அடுத்த ஆண்டே ஆய்விதழ் தொடங்கினார். 1926-இல் வரலாற்று வாரம் ஒன்றையும் அறிவித்தார். இன்று பிப்ரவரி முழுவதும் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதத்தின் வேர் அந்த வாரம்தான்.

பல்கலைக்கழகங்களில் கோலோச்சியது வேறொரு கதை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும், 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலத்தை ஊழலும் அறியாமையும் ஆண்ட காலம் என்று எழுதினார்கள். விடுதலை பெற்றவர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே தவறு என்பது அதன் சாரம். இது வெறும் ஏட்டுக் கருத்தாக நின்றுவிடவில்லை. தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததற்கு அறிவுத்துறையின் ஒப்புதல் முத்திரையாகவும் அது பயன்பட்டது. 1935-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் இதற்கு நேர் எதிராக ஒரு பெருநூல் எழுதினார். அடிமைகளாக இருந்தவர்களே தங்கள் விடுதலையின் முதன்மைக் கர்த்தாக்கள் என்றார். அமெரிக்க வரலாற்றுத் துறையின் முதன்மை ஆய்விதழ் அந்த நூலுக்கு ஒரு மதிப்புரைகூட வெளியிடவில்லை. டு பாய்ஸ் மூல ஆவணங்களை விட அச்சான நூல்களையும் அரசு அறிக்கைகளையும்தான் அதிகம் நம்பினார் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட குறை. குறை உண்மைதான். ஆனால் அன்றைய தென்மாநிலக் காப்பகம் ஒன்றில் கறுப்பின ஆய்வாளர் ஒருவர் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும்.

அதற்குச் சாட்சி ஜான் ஹோப் ஃபிராங்க்ளின். 1939-இல் வட கரோலினாவின் தலைநகர் ராலேயில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குத் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் போனார். கட்டடத்தை வடிவமைத்தபோது கறுப்பினத்தவர் ஒருவர் ஆராய்ச்சிக்கு வருவார் என்று யாரும் எண்ணவில்லை என்றார் இயக்குநர். தனி அறை ஒழுங்குசெய்யச் சில நாள் அவகாசமும் கேட்டார். வெள்ளையின உதவியாளர்கள் அவருக்கு ஆவணம் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பதால், அடுக்கறைச் சாவியையே அவரிடம் கொடுத்துவிட்டார்கள். வேண்டியதைத் தானே தள்ளுவண்டியில் எடுத்துவந்து அவர் படித்தார். இரண்டு வாரத்தில் வெள்ளையின ஆய்வாளர்கள் முறையிட்டார்கள்: நாங்கள் மேசையில் காத்துக்கிடக்கிறோம், அவருக்கு மட்டும் சாவியா? சாவி திரும்பப் பெறப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1947-இல், அவர் எழுதிய பொது வரலாற்று நூல் பல தலைமுறை மாணவர்களுக்கு இத்துறையின் அடிப்படைப் பாடநூலாக அமைந்தது.

1955-இல் வந்த சி. வேன் வுட்வர்டின் சிறு நூலையும் இங்கே குறிப்பிட வேண்டும். நிறப் பிரிவினைச் சட்டங்கள் தொன்றுதொட்டு வருபவை என்று தென்மாநில அரசியல்வாதிகள் பேசிக்கொண்டிருந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை 1890-களுக்குப் பிறகு இயற்றப்பட்டவை என்று அவர் காட்டினார். சட்டத்துக்கு முன்பே வழக்கத்தில் பிரிவினை எவ்வளவு வேரோடியிருந்தது என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டார் எனப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் சட்டத்தால் வந்ததைச் சட்டத்தால் மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு அந்த நூல் வரலாற்று ஆதாரம் தந்தது.

நீதிமன்றமும் தலைவரும்

இயக்கத்தின் முதல் பெருங்கதை 1954 மே 17-இல் தொடங்குகிறது. பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன 'பிரவுன்' வழக்கின் நாள் அது. அடுத்து மான்ட்காமரி, பர்மிங்ஹாம் நகரப் போராட்டங்கள், 1963 வாஷிங்டன் பேரணி, 1964-இன் சிவில் உரிமைச் சட்டம், செல்மா நடைபயணம், 1965-இன் வாக்குரிமைச் சட்டம் என்று அது நடைபோடுகிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங் சுட்டுக் கொல்லப்படுவதோடு முடிகிறது.

இந்தக் கதைக்கு இரண்டு கிளைகள். ஒன்று சட்டக் கிளை: ரிச்சர்ட் குளூகரின் விரிவான நூல், சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷலும் 1930-கள் முதல் வழக்குமேல் வழக்காக 'பிரவுன்' வரை நடந்த பாதையை எழுதியது. மற்றொன்று தலைவர் கிளை: 1986-இல் வெளிவந்த டேவிட் காரோவின் கிங் வரலாறும், 1988-இல் தொடங்கிய டெய்லர் பிராஞ்சின் மூன்று தொகுதிகளும் இதன் சிகரங்கள். காரோவின் நூலும் பிராஞ்சின் முதல் தொகுதியும் புலிட்சர் பரிசு பெற்றவை. கடிதங்கள், அமைப்புகளின் கோப்புகள், எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்புக் குறிப்புகள், நூற்றுக்கணக்கான நேர்காணல்கள் எனக் குவிந்த ஆதாரங்களின்மேல் எழுந்த நூல்கள் இவை. கிங்கைத் தெய்வமாக்காமல் தயங்குகிற, தவறுகிற, பயப்படுகிற மனிதராகக் காட்டியதில் இவற்றின் பங்கு பெரிது.

சட்டக் கிளைமீது விழுந்த முதல் பெரிய அடி 1991-இல் ஜெரால்ட் ரோசன்பெர்க்கிடமிருந்து வந்தது. அவர் கையில் எடுத்தது ஒரே ஒரு அளவுகோல்: 'பிரவுன்' தீர்ப்பு வந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆன பிறகும், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன முன்னாள் கூட்டமைப்பு மாநிலங்கள் பதினொன்றில் வெள்ளையினக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகள் 1.2 சதவீதம் மட்டுமே. நிலைமை மாறியது 1964-க்குப் பிறகு. பிரிவினையைக் கைவிடாத பள்ளிகளுக்கு மத்திய அரசு நிதியை நிறுத்தலாம் என்று சட்டம் வந்ததும் எண்ணிக்கை வேகமாக ஏறியது. மைக்கேல் கிளார்மன் வேறொரு கோணத்தில் போனார். தீர்ப்பு நேரடியாகச் சாதித்தது கொஞ்சம். அது கிளப்பிவிட்ட வெள்ளையின எதிர்வினைதான் பெரிது. அந்த எதிர்வினையின் கொடூரத்தைத் தொலைக்காட்சியில் கண்ட வடமாநில மக்கள்தான் சட்டம் கேட்டார்கள் என்பது அவர் வாதம்.

இதற்கு மறுப்பும் உண்டு. தீர்ப்பு வந்த நான்கே நாளில், 1954 மே 21 அன்று, மான்ட்காமரி மேயருக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் ஜோ ஆன் ராபின்சன். கல்லூரி ஆசிரியர், பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர். பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர்கள்; அவர்கள் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது; இருபத்தைந்துக்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகளில் புறக்கணிப்பு பற்றிப் பேச்சு நடக்கிறது என்று அதில் கண்டிருந்தது. தீர்ப்பு தந்த தெம்பு இல்லாமல் இந்தக் கடிதம் அந்த வாரத்தில் எழுதப்பட்டிருக்குமா என்பது காரோ போன்றவர்களின் கேள்வி. கடிதம் பேசுவதெல்லாம் பேருந்து இருக்கைகளைப் பற்றித்தான் என்பது எதிர்த்தரப்பின் பதில். நான்கு நாள் இடைவெளி எதையோ உணர்த்துகிறது. ஆனால் தேதிகளின் நெருக்கத்தை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது.

மான்ட்காமரியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்கு இருக்கையை விட்டு எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைதானார். களைத்துப்போன தையற்காரப் பெண் ஒருவர் தற்செயலாக எழ மறுத்தார் என்று பல காலம் சொல்லப்பட்ட கதையை ஆதாரங்கள் தாங்கவில்லை. பார்க்ஸ் 1943 முதல், கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1944-இல் அலபாமாவின் ஆப்வில்லில் ரெசி டெய்லர் என்ற இளம்பெண் கும்பல் வன்கொடுமைக்கு ஆளானபோது, நேரில் போய் விசாரித்து நீதி கேட்கும் குழுவைக் கட்டியவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்பு, டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். டேனியல் மக்வயர் 2010-இலும், ஜீன் தியோஹாரிஸ் 2013-இலும் எழுதிய நூல்கள் இந்தப் பார்க்ஸை மீட்டுத் தந்தன. பேருந்துப் புறக்கணிப்பின் பின்னணியில், கறுப்பினப் பெண்களின் உடல்மீது நடந்த வன்முறைக்கு எதிரான நீண்ட போராட்டம் இருக்கிறது என்பது மக்வயரின் வாதம்.

அன்றிரவு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. செய்தி கேட்ட ராபின்சன் தான் பணியாற்றிய கல்லூரிக்குப் போனார். நள்ளிரவில் சக ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் இருவரும் துணை. ஒரு தாளில் மூன்று முறை ஒரே வாசகத்தை அமைத்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டி, மூன்றாக வெட்டினார்கள். விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகள் கட்டுக்கட்டாகத் தயார். திங்களன்று யாரும் பேருந்தில் ஏற வேண்டாம் என்பது செய்தி. ரயில் பணியாளர் சங்கத்தில் பழுத்த அனுபவம் பெற்ற ஈ. டி. நிக்சன் மறுபுறம் போதகர்களைத் தொலைபேசியில் எழுப்பிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வயது கிங்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது இதற்கெல்லாம் பிறகுதான். ராபின்சனின் நினைவுக் குறிப்புகள் 1987-இல் அச்சாயின; அதுவரை இந்த இரவைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் சிலரே.

அப்படியானால் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது எதனால்? சமூகவியலாளர் ஆல்டன் மாரிஸ் 1984-இல் அளித்த விடை: தேவாலயங்கள். கூடும் இடம், நிதி, தலைமை, பாட்டு, நம்பிக்கை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பே அதற்கு முன்னோடி. இயக்கங்கள் திடீரென வெடிக்கும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று சமூகவியல் சொல்லிவந்த காலத்தில், அவை நிறுவனங்களிலிருந்து எழுகின்றன என்று காட்டிய ஆய்வு அது. ஆனால் மாரிஸின் படத்தில் போதகர்கள் பெரிதாகவும் சமையலறைகள் சிறிதாகவும் தெரிகின்றன. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பலகாரமும் கோழிக்கறியும் விற்றுப் புறக்கணிப்புக்கு வாராவாரம் பணம் கொடுத்தார். வேலை போய்விடக் கூடாதே என்று கொடுத்தவர்கள் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாத பணம் கணக்கேட்டில் எப்படி ஏறும்? பெண்களின் பங்கு குறைத்து எழுதப்பட்டதற்குக் காரணம் எழுதியவர்களின் கண்ணோட்டம் மட்டுமல்ல. தற்காப்புக்காக மறைக்கப்பட்ட தடங்களும்தான்.

மிசிசிப்பியும் உள்ளூர் மனிதர்களும்

தலைவர் மையக் கதைக்கு வந்த மிக வலுவான மாற்று, உள்ளூர் ஆய்வுகளிலிருந்து பிறந்தது. வில்லியம் சேஃப் 1980-இல் கிரீன்ஸ்பரோ நகரை எடுத்துக்கொண்டு வழிகாட்டினார். 1994-இல் ஜான் டிட்மரும் 1995-இல் சார்ல்ஸ் பெய்னும் மிசிசிப்பி பற்றி எழுதிய நூல்கள் துறையின் திசையையே திருப்பின.

பெய்ன் நெருங்கிப் பார்த்தது டெல்டா பருத்திப் பகுதியையும் அதன் கிரீன்வுட் நகரையும். 1960-இல் உருவான மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் இளைஞர்கள், சுருக்கமாக 'ஸ்னிக்'காரர்கள், அங்கே வாக்காளர் பதிவு வேலைக்குப் போனார்கள். நியூயார்க்கில் கணித ஆசிரியராக இருந்த பாப் மோசஸ் அவர்களில் ஒருவர். அவர் போய்ச் சேர்ந்த இடம் வெற்றிடம் அல்ல. ஆம்சி மூர் போன்ற போர் வீரர்கள் 1940-களிலிருந்தே அங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாக்குரிமைதான் முதல் வேலை என்று மோசஸுக்கு வழி சொன்னவரே மூர்தான்.

அங்கே வாக்காளராகப் பதிவதன் விலை என்ன? 1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் மற்றவர்களோடு இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை எழுதி விளக்கச் சொன்னார்கள். தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பதினெட்டு ஆண்டு வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற வேண்டியதாயிற்று. அதே இலையுதிர் காலத்தில் கிரீன்வுட் இருக்கும் லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், ஏழைக் குடும்பங்களுக்கு மத்திய அரசு தந்த உபரி உணவு விநியோகத்தையே நிறுத்தியது. பருத்தி அறுவடை முடிந்து கூலி இல்லாத குளிர்காலம். சிகாகோவிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் உணவு லாரிகளில் வந்தது. உணவு வாங்க வந்தவர்களிடம் 'ஸ்னிக்'காரர்கள் வாக்குரிமை பற்றிப் பேசினார்கள். பட்டினி போட்டு அடக்க நினைத்த நடவடிக்கையே பதிவு அலுவலகத்தின் முன் வரிசையை நீளச் செய்தது.

பெய்னின் முக்கிய வேறுபாடு இதுதான்: கூட்டத்தைத் திரட்டுவது வேறு, ஆட்களை ஆளாக்குவது வேறு. முதலாவது கிங்கின் வழி, இரண்டாவது எலா பேக்கரின் வழி. பேக்கர் 1940-களில் என்.ஏ.ஏ.சி.பி. கிளைகளை ஊர் ஊராகக் கட்டியவர். 1960-இல் ராலேயில் மாணவர்களை ஒன்றுசேர்த்து, பெரியவர்களின் வாலாக மாறாமல் தனித்து நிற்கச் சொன்னவர். மாரிஸுக்கு மாறாக, டெல்டாவில் தேவாலயங்கள் பல ஆரம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டன என்றும், உள்ளே விட்டது பெரும்பாலும் பெண்களின் பிடிவாதத்தால்தான் என்றும் பெய்ன் காட்டினார்.

இந்தப் பார்வையின் பலவீனம் அதன் வலிமைக்குள்ளேயே இருக்கிறது. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் பதிவு பெற்றிருந்தவர்கள் 1964-இல் சுமார் 6.7 சதவீதம், 1967-இல் 59.8 சதவீதம். இடையில் வந்தது 1965 ஆகஸ்டின் வாக்குரிமைச் சட்டமும், அதன்படி அனுப்பப்பட்ட மத்தியப் பதிவு அதிகாரிகளும். பல ஆண்டு உள்ளூர் உழைப்பால் அசையாத எண், வாஷிங்டன் கைவைத்ததும் தாவியது என்று ஸ்டீவன் லாசன் வாதிட்டார். அந்தச் சட்டத்தை வரவழைத்தவர்களே உள்ளூர் மக்கள்தானே என்று பெய்ன் கேட்டார். இருவரும் 1998-இல் ஒரே நூலின் இரு பகுதிகளில் எதிரெதிராக எழுதினார்கள். இத்துறைக்குப் புதிதாக வருபவர் முதலில் படிக்கத் தகுந்த விவாதம் அது. எண்களை வைத்துப் பார்த்தால் லாசனின் கை ஓங்குகிறது. ஆனால் அதிகாரிகள் வந்து அமர்ந்தபோது பதியத் துணிந்து வந்தவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்ற கேள்விக்குப் பெய்னிடம்தான் விடை இருக்கிறது.

எங்கிருந்து கணக்கு எடுப்பது?

2005-இல் ஜாக்குலின் டவுட் ஹால் எழுதிய கட்டுரை 'நீண்ட சிவில் உரிமை இயக்கம்' என்ற கருத்தை நிலைநிறுத்தியது. 1954-இலிருந்து கணக்கு எடுப்பது போராட்டத்தைத் தெற்குக்குள்ளும் சட்டச் சமத்துவத்துக்குள்ளும் அடைத்துவிடுகிறது. அதனால் கிங்கின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் கேட்ட பொருளாதார நீதியை மறுக்க வசதியாகிறது என்றார் அவர். உண்மையான வேர் 1930-களின் தொழிற்சங்கங்களிலும் இடதுசாரி அரசியலிலும் இருக்கிறது என்பது அவர் முடிவு.

ஆதாரங்கள் இல்லாமல் இல்லை. 1941-இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்குப் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தே, போர்த் தளவாட ஆலைகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் பெற்றார். 1943-இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் புகையிலை ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அங்கே பிறந்த சங்கம் வாக்காளர் பதிவிலும் இறங்கியது. என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினர் எண்ணிக்கை 1940-இல் ஏறத்தாழ 50,000. 1946-இல் ஏறத்தாழ 4,50,000. ராபின் கெல்லி 1930-களின் அலபாமாக் கம்யூனிஸ்டுகளையும், மார்த்தா பயாண்டி போருக்குப் பிந்தைய நியூயார்க்கையும் எழுதி இந்தப் படத்தை நிரப்பினார்கள்.

வடக்கும் இதனால் கண்ணில் பட்டது. 1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் நகரப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. முந்தைய ஆண்டின் வாஷிங்டன் பேரணிக்கு வந்தவர்களை விட இது அதிகம். பேரணியை உலகமே அறியும். பள்ளிப் புறக்கணிப்பை நியூயார்க்கில்கூட மறந்துவிட்டார்கள்.

எதிர்ப்பு 2007-இல் வந்தது. சுண்டியாட்டா சா-ஜுவாவும் கிளாரன்ஸ் லாங்கும், எல்லாக் காலத்தையும் எல்லா ஊரையும் ஒரே இயக்கமாக்கினால் வரலாற்றுக்கு உரிய வேறுபாடுகளே கரைந்துபோகும் என்றார்கள். சட்டமே பிரித்துவைத்த அலபாமாவும், வீட்டுக்கடன் முறையும் வாடகைச் சந்தையும் பிரித்துவைத்த டெட்ராய்ட்டும் ஒன்றல்ல. 1955-க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் சிறைக்கு அஞ்சாமல் தெருவுக்கு வந்தது முன்பு நடக்காத ஒன்று. எரிக் ஆர்னசன், கம்யூனிஸ்டுகளின் பங்கு ஊதிப் பெரிதாக்கப்படுகிறது என்றார். இந்தக் கண்டனங்களில் நியாயம் இருக்கிறது. தொடர்ச்சியைத் தேடுகிறவர் கண்ணுக்கு முறிவு தெரியாமல் போகலாம்: வின்ஸ்டன்-சேலம் சங்கம் 1950-இல் நொறுக்கப்பட்டது, அந்த அனுபவத்தில் எவ்வளவு 1960-இன் மாணவர்களை வந்தடைந்தது என்பது ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டியது.

பனிப்போரும் காந்தியும் துப்பாக்கியும்

இயக்கத்துக்கு வெளியிலிருந்து விடை தேடியவர்களில் முதன்மையானவர் மேரி டட்சியாக். 1952 டிசம்பரில் 'பிரவுன்' வழக்கில் அமெரிக்க அரசே தாக்கல் செய்த மனு, நிறப் பாகுபாடு வெளிநாடுகளில் நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று வாதிட்டதை அவர் எடுத்துக்காட்டினார். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை பெற்றுவந்த காலம். சோவியத் பிரசாரத்துக்கு லிட்டில் ராக் நகரப் பள்ளி மோதல் போன்ற காட்சிகள் தீனி போட்டன. வெள்ளையினரின் நலனோடு ஒத்துப்போகும்போதுதான் கறுப்பினத்தவருக்கு நீதி கிடைக்கிறது என்று சட்ட அறிஞர் டெரிக் பெல் 1980-இலேயே எழுதியிருந்தார். வாஷிங்டனின் உள்நோக்கத்தை இது நன்றாக விளக்குகிறது. கிரீன்வுட்டில் ஒருவர் ஏன் துணிந்தார் என்பதை விளக்கவில்லை. தவிர, அதே பனிப்போர்தான் பாடகர் பால் ராப்சன், டு பாய்ஸ் ஆகியோரின் கடவுச்சீட்டையும் முடக்கியது.

அகிம்சை எங்கிருந்து வந்தது என்பது கிளைக்கேள்வி. கறுப்பினப் போதகர் ஹோவர்ட் தர்மன் 1936-இல் காந்தியைச் சந்தித்தார். ஜேம்ஸ் லாசன் 1950-களில் நாக்பூரில் மூன்றாண்டு பணியாற்றிவிட்டு, நாஷ்வில்லில் டயேன் நாஷ், ஜான் லூயிஸ் போன்ற மாணவர்களைப் பயிற்றுவித்தார். கிங் 1959-இல் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். இந்தத் தொடர்பு மறுக்க முடியாதது. ஆனால் 'ஸ்னிக்'கில் வேலை செய்த சார்ல்ஸ் காப் 2014-இல் எழுதியது போல, கிராமப்புறத் தெற்கில் அகிம்சை ஊழியர்கள் தங்கிய வீடுகளின் வாசலில் பல இரவுகளில் துப்பாக்கியோடு ஒருவர் காவல் இருந்தார். 1963-இல் தன் வீட்டின்மீது தீக்குண்டு வீசப்பட்டபோது திருப்பிச் சுட்ட விவசாயி ஹார்ட்மன் டர்ன்போ அந்த வகையினர். கிங்கே 1956-இல் தன் வீடு குண்டுவீச்சுக்கு ஆளானபின் துப்பாக்கி உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர். அகிம்சை ஒரு கொள்கையாக எத்தனை பேரிடம் இருந்தது, உத்தியாக எத்தனை பேரிடம் இருந்தது என்பதில் ஒருமித்த முடிவு இன்னும் இல்லை.

ஒற்றர் எழுதிய சான்று

இந்த வரலாற்றின் விந்தையான ஆதாரங்கள், அதை அழிக்க நினைத்தவர்களின் அலமாரிகளிலிருந்து வந்தவை. மிசிசிப்பி சட்டமன்றம் 1956-இல் 'இறையாண்மை ஆணையம்' ஒன்றை அமைத்தது. இயக்க ஊழியர்களை வேவு பார்ப்பது, கார் எண்களைக் குறிப்பது, கூட்டங்களுக்குள் ஒற்றர்களை நுழைப்பது அதன் வேலை. அது மூடப்பட்டதும் கோப்புகளை 2027 வரை முத்திரையிட்டுப் பூட்டச் சட்டம் போட்டார்கள். பல்லாண்டு வழக்குக்குப் பின் நீதிமன்ற ஆணைப்படி 1998-இல் திறந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் வெளிவந்தன. எந்தக் கிராமத்தில் யார் வீட்டில் கூட்டம் நடந்தது என்பதற்குப் பல இடங்களில் எழுத்துச் சான்று இதுதான். ஆனால் ஒற்றர் எழுதியது கேட்டதையா, எசமானர் கேட்க விரும்பியதையா?

எஃப்.பி.ஐ. கோப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அந்த அமைப்பின் சுருக்கக் குறிப்புகளை வைத்துக் கிங்கின் தனிவாழ்க்கை பற்றி 2019-இல் காரோ எழுதிய கட்டுரையைத் துறையினர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். கிங்கை அழிக்க முனைந்த அமைப்பின் குறிப்பை, ஒலிப்பதிவைக் கேட்காமல் எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி.

வாய்மொழிச் சான்றும் சோதனைக்கு உட்பட்டதே. 1955-இல் பதினான்கு வயது எம்மட் டில் கொல்லப்பட்ட வழக்கில், சிறுவன்மீது குற்றம்சாட்டிய பெண் தன் சாட்சியத்தின் ஒரு பகுதி உண்மையல்ல என்று தன்னிடம் ஒப்புக்கொண்டதாகத் திமத்தி டைசன் 2017-இல் எழுதினார். நீதித்துறை மீண்டும் விசாரித்தது. அந்த ஒப்புதல் ஒலிநாடாவில் இல்லை. போதிய ஆதாரம் இல்லை என்று 2021-இல் கோப்பு மூடப்பட்டது. மறுபுறம், மிசிசிப்பிப் பெண்களின் பங்கைப் பெய்ன் எழுத முடிந்ததே நேர்காணல்களால்தான். எந்த ஒரு வகை ஆதாரமும் தனித்து நின்று இந்த வரலாற்றைத் தாங்காது.

தீராதவை

சில விடைகள் ஓரளவு உறுதிப்பட்டுவிட்டன. இயக்கம் தற்செயலாக வெடித்தது என்ற கருத்தை இன்று யாரும் தீவிரமாக முன்வைப்பதில்லை. பெண்களின் அமைப்புப் பணி ஓரத்தில் நடந்தது என்பதும் நிற்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு தானாகவே ஊர்களை மாற்றியது என்பதற்கும் ஆதாரம் இல்லை. வாஷிங்டனா கிரீன்வுட்டா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி, ஒன்று மற்றொன்றை எப்படி அசைத்தது என்ற கேள்விக்கு வழிவிட்டிருக்கிறது. இது முன்னேற்றம்தான்.

காலவரையறை அப்படித் தீரவில்லை. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பிரிவு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2013-இல் செயலிழக்கச் செய்தது. அதன்பின், 1965-ஐ ஒரு முடிவாக வைத்து எழுதுவது வரலாற்றாசிரியர்களுக்குக் கடினமாகியிருக்கிறது. சட்டச் சமத்துவம் வந்த பிறகும் சொத்திலும் வீட்டிலும் பள்ளியிலும் இடைவெளி நீடிப்பதை இயக்கத்தின் தோல்வியாக எழுதுவதா, அது தொட முடியாத வேறு அமைப்புகளின் விளைவாக எழுதுவதா என்பதில் அறிஞர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். பெரிய ஊர்களுக்கு வெளியே, தேவாலயக் கணக்கேடுகளும் சங்கச் சீட்டுகளும் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் நூற்றுக்கணக்கான மாவட்டங்களுக்கு ஓர் உள்ளூர் ஆய்வுகூட எழுதப்படவில்லை. பாப் மோசஸ் 2021-இலும் ஜேம்ஸ் லாசன் 2024-இலும் காலமானார்கள். கேட்டுப் பதிவு செய்யக்கூடிய காலம் சுருங்கிவருகிறது. கிங்கை ஒட்டுக்கேட்ட எஃப்.பி.ஐ. ஒலிநாடாக்களுக்கு 1977-இல் நீதிமன்றம் விதித்த ஐம்பதாண்டு முத்திரையின் கெடு 2027-இல் முடிகிறது. அவை வெளிவந்தாலும், அவற்றை யார், எந்த எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பது பற்றி இத்துறையில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.